அனந்தகிருஷ்ணன் போட்ட கோடு

ஒரு மனிதர் பதினோரு வருஷமாகச் சொன்னது ஒரு தடவைகூடத் தப்பவில்லை என்றால், அவர் சொல்வதை நம்பாமல் எப்படி இருப்பது? 1946ஆம் வருஷம் யாராவது இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் இதை எழுதுகிறவனுக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்காது. மாதுங்காவில் வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த மனிதருக்கே தெரியாது.

அவர் பெயர் அனந்தகிருஷ்ணன். பாலக்காட்டுக்காரர். ரயில்வே கூட்ஸ் ஆபீசில் குமாஸ்தா. எந்தச் சரக்கு வாகன் எந்த ஸ்டேஷனில் நிற்கிறது என்று நாள் முழுக்க எழுதிக்கொண்டிருப்பது அவர் வேலை. காய்ச்சல் அடித்தாலும் ஆபீசுக்குப் போய்விடுவார். அப்படி மிச்சம் பிடித்த லீவையெல்லாம் ஜூன் மாதத்தில் மொத்தமாக எடுப்பார். ஜூனில்தான் இண்டர்மீடியட் பரீட்சை முடிவு வரும். டாக்டருக்குப் படிக்க ஆசைப்பட்ட பையன்கள் மார்க் ஷீட்டோடு அவர் வீட்டு மாடிப்படி ஏறுவார்கள்.

அவர்கள் ஏறி வந்ததற்குக் காரணம் உண்டு. மெடிக்கல் காலேஜில் எழுபது இடம். மனுப் போடுகிறவர்களோ பல நூறு பேர். மனுவோடு ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுத்துவிட வேண்டும். லிஸ்ட் ஒட்டுகிற வரை அதைத் திருப்பித் தர மாட்டார்கள். அதற்குள் மற்ற காலேஜ்களில் பி.எஸ்ஸி. இடமெல்லாம் நிரம்பிவிடும். போட்டுக் கிடைக்காவிட்டால் ஒரு வருஷம் வீண். லிஸ்டில் பெயர் மட்டும்தான் இருக்கும், மார்க் இருக்காது. ஆகையால் எத்தனை மார்க்குக்கு இடம் கிடைக்கும் என்பது வெளியில் யாருக்கும் தெரியாது, அனந்தகிருஷ்ணனைத் தவிர.

அவரிடம் ஒரு நீல அட்டை நோட்டு இருந்தது. வந்த பையன்கள் ஒவ்வொருவரின் பெயரும், மூன்று சயன்ஸ் பாடங்களில் முந்நூறுக்கு வாங்கிய மார்க்கும், கடைசியில் என்ன ஆயிற்று என்பதும் அதில் இருந்தன. நூற்று எழுபத்திரண்டில் சிவப்பு மையால் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே முப்பத்தெட்டுப் பேர், எல்லோருக்கும் இடம் கிடைத்தது. கோட்டுக்குக் கீழே நாற்பத்தாறு பேர், ஒருவருக்கும் கிடைக்கவில்லை. மார்க் ஷீட்டைப் பார்த்து அவர் "போடு" என்றால் வீட்டில் பாயசம். "வேண்டாம்" என்றால் அழுதுவிட்டு பி.எஸ்ஸி.யிலோ டைப்ரைட்டிங் கிளாசிலோ சேர்ந்துவிடுவார்கள்.

அந்த ஜூனில் ஒரு சனிக்கிழமை. மனு வாங்குவதற்கு அன்றுதான் கடைசி நாள், அதுவும் பகல் ஒரு மணி வரைக்கும்தான். காலை ஒன்பதரைக்கு, மழையில் நனைந்த குடையோடு இரண்டு பேர் வாசலில் நின்றார்கள். தாராவியில் தோல் பதனிடும் பட்டறை வைத்திருந்த மன்சூர் அலி, அவர் மகன் ஷேக் பரீத். பரீதோடு காலேஜில் படித்த பஞ்சு என்ற மாதுங்காப் பையன்தான் வழி சொல்லி அனுப்பியிருந்தான். பஞ்சுவுக்கு நூற்று அறுபத்தொன்பது. இரண்டு நாள் முன்னால் "வேண்டாம்" வாங்கிக்கொண்டு போனவன்.

"வாங்கோ பாய், உக்காருங்கோ" என்றார் அனந்தகிருஷ்ணன். "ஏன் மெடிக்கல்? பட்டறை இருக்கே."

பரீத்தான் பதில் சொன்னான். "பட்டறையிலதான் சார் கைகளைப் பாத்தேன். சுண்ணாம்புத் தொட்டியில வேலை செய்யறவங்க கை வெந்து போயிரும். மருந்து போட ஒரு டாக்டர் எங்க பக்கம் வர்றதில்ல."

அனந்தகிருஷ்ணன் மார்க் ஷீட்டை வாங்கினார். மூன்றையும் மனதுக்குள் கூட்டினார். நூற்று அறுபத்தைந்து. கோட்டுக்கு ஏழு குறைவு. அவருக்குப் பையனைப் பிடித்திருந்தது, அதனால் மெதுவாகச் சொன்னார்.

"பாய், மனசுலே வெச்சுக்காதேங்கோ. கிடைக்காது. திங்கக்கிழமை பி.எஸ்ஸி.க்குப் போட்டுடுங்கோ."

பரீத் தலையைக் குனிந்துகொண்டான். மன்சூர் அலி எழுந்திருக்கவில்லை.

"எதை வச்சு சொல்லுதீக அய்யரே?"

இதுவரை யாரும் அவரை அப்படிக் கேட்டதில்லை. அவருக்குக் கோபம் வரவில்லை. பெருமையாகத்தான் இருந்தது. நோட்டைத் திறந்து காட்டினார். மன்சூர் அலிக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. மகனை வாசிக்கச் சொன்னார். பரீத் கோட்டுக்குக் கீழே இருந்த பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தான். நூற்று எழுபது, கிடைக்கவில்லை. நூற்று அறுபத்தெட்டு, கிடைக்கவில்லை. நூற்று எழுபத்தொன்று, கிடைக்கவில்லை. இருபது பேர் ஆனதும் மன்சூர் அலி கையைக் காட்டி நிறுத்தினார்.

"இந்த நாப்பத்தாறு பேரும் மனுப் போட்டாகளா?"

"அதெப்படிப் போடுவா? நான்தான் வேண்டாம்னு சொல்லிட்டேனே."

"ஒருத்தருமா போடல?"

"ஒருத்தரும் போடலை."

காப்பி டம்ளரோடு வந்த அனந்தகிருஷ்ணனின் மனைவி விஜயலக்ஷ்மி அப்படியே நின்றுவிட்டாள். ரேஷன் சர்க்கரை தீர்ந்து, வெல்லம் போட்ட காப்பி. "ஏன்னா, அப்போ நாப்பத்தாறு பேரும் ஆத்துலே உக்காந்துண்டேதான் தோத்தாளா?" என்றாள்.

"நீ சும்மா இரு."

"நான் தோல்காரன் அய்யரே" என்றார் மன்சூர் அலி. "பத்துத் தோலு வந்தா ரெண்டைக் கண்ணால பாத்தே ஒதுக்கிருவேன். தப்பில்ல. ஆனா தொட்டியில ஊறப் போடாத தோலை, ஊறிக் கெட்டுப்போச்சுன்னு யாருட்டயும் சொல்ல மாட்டேன். போடலைன்னுதான் சொல்லுவேன். நீங்க போடாததையெல்லாம் கெட்டுப்போச்சுன்னு எழுதி வச்சிருக்கீகளே."

அனந்தகிருஷ்ணன் நோட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தக் கோடு எங்கிருந்து வந்தது என்று யோசித்தார். முதல் வருஷம் அவருக்குத் தெரிந்த மூன்று பையன்களுக்கு இடம் கிடைத்தது. மூவரில் குறைந்த மார்க் நூற்று எழுபத்திரண்டு. அதையே கோடாகப் போட்டார். அவ்வளவுதான். லிஸ்டில் இருந்த மற்ற அறுபத்தேழு பேர் யார்? கிர்காமிலும் பைகுல்லாவிலும் காட்கோபரிலும் இருந்து வந்த அவர்களெல்லாம் எத்தனை வாங்கினார்கள்? பதினோரு வருஷத்தில் அவர்களில் ஒருவரைக்கூட அவர் கேட்டதில்லை.

அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அதை மீறிக்கொண்டு ஒரு பரபரப்பு. ஆபீசில் மாதக்கணக்கில் தொலைந்துபோன வாகன் ஒன்று, பக்கத்து ஸ்டேஷனிலேயே நிற்கிறது என்று தெரிந்தால் வருமே, அந்த மாதிரி.

"பாய்," என்றார், "என் பொண்டாட்டி எதிர்க்கயே சொல்றேன். கிடைக்குமா கிடைக்காதான்னு எனக்குத் தெரியாது."

"தெரியாதுன்னு சொல்லிட்டீகல்ல. அது போதும்" என்று எழுந்தார் மன்சூர் அலி. "தெரியாதுன்னா போட்டுப் பாக்கலாம். லே பரீது, சர்டிபிகேட்டை மழையில நனைக்காம எடு."

"வருஷம் வீணாப் போனா வாப்பா?"

"போனா பட்டறையில ஒரு வருஷம் என்கூட நில்லு. கொறஞ்சு போயிர மாட்ட."

அனந்தகிருஷ்ணன் அதற்குள் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். அந்த வருஷம் மட்டும் அதற்கு முன்பே மூன்று பேருக்கு "வேண்டாம்" சொல்லியிருந்தார், அவர்களிடமும் போய்ச் சொல்ல வேண்டும். மணி பத்தேகால். மனு வாங்குகிற ஜன்னல் மூட இன்னும் மூன்று மணி நேரம்கூட இல்லை. "நீங்க ஸ்டேஷன்லே நில்லுங்கோ. நான் வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கினார். குடையை மறந்துவிட்டார்.

முதல் வீடு பூட்டியிருந்தது. காட்கோபரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். இரண்டாவது வீட்டில் பையனுடைய அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கிடைக்கலேன்னா போற வருஷத்தை நீங்க தருவேளா?" என்றார். அந்த அப்பா கேட்டதும் நியாயம்தானே. நனைந்த சட்டையோடு அனந்தகிருஷ்ணன் அங்கிருந்து கிளம்பினார்.

மூன்றாவது பஞ்சு வீடு. பஞ்சுவே கதவைத் திறந்தான்.

"என்ன மாமா, முந்தாநாள் கிடைக்காதுன்னேளே. இன்னிக்கு என் மார்க் கூடிடுத்தா?"

"உன் மார்க் அப்படியேதான் இருக்கு. எனக்குத்தான் புத்தி கொஞ்சம் கூடியிருக்கு. சர்டிபிகேட்டை எடு. ஜல்தி."

"அம்மாகிட்ட சொல்லிட்டு..."

"ரயில்லே வந்து எங்கிட்ட சொல்லு."

மாதுங்கா ஸ்டேஷனில் வண்டி வருகிறபோது பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிஷம். நான்கு பேரும் ஒரே பெட்டியில் தொற்றிக்கொண்டார்கள். பஞ்சு தன் சர்டிபிகேட்டைப் பனியனுக்குள் வைத்திருந்தான். பரீதுடையது மன்சூர் அலி கொண்டுவந்த பதனிட்ட ஆட்டுத்தோலில் சுருட்டியிருந்தது.

"சார், இப்ப சொல்லுங்க, என்ன சான்ஸ்?" என்றான் பரீத், சிரித்துக்கொண்டே.

"எங்கிட்ட கேக்காதே. அந்த உத்தியோகத்தை விட்டாச்சு."

பன்னிரண்டு நாற்பதுக்கு ஜன்னலில் இரண்டு மனுக்களும் போய்ச் சேர்ந்தன. கிளார்க் முத்திரை குத்துகிற சத்தத்தை அனந்தகிருஷ்ணன் பக்கத்தில் நின்று கேட்டார். பதினோரு வருஷமாகக் காலேஜைப் பற்றிப் பேசியவர், அன்றுதான் முதல் தடவையாக அந்தக் கட்டடத்துக்குள் கால் வைத்திருந்தார்.

லிஸ்ட் வருவதற்குள் லீவு முடிந்தது. ஒரு திங்கட்கிழமை, ஆபீசில் எதிர் மேஜையில் இருந்த சுப்ரமணியனிடம் அவர் போனார். அவனும் மாதுங்காப் பையன்தான். ஐந்து வருஷம் முன்னால் நூற்று எழுபத்தொன்றோடு வந்து "வேண்டாம்" வாங்கியவன். நடந்ததையெல்லாம் சொன்னார். சுப்ரமணியன் பேனாவை மூடினான்.

"எனக்குக் கிடைச்சிருக்குமா மாமா?"

"தெரியாதுடா. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"இதை யாரும் வந்து சொல்ல மாட்டா. நீங்க சொன்னேள்" என்றான் அவன். பிறகு இருவரும் வாகன் எண்களைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

முதல் லிஸ்டில் பஞ்சுவின் பெயர் இருந்தது. பரீதின் பெயர் இல்லை. காலியாகும் இடங்களுக்கு எட்டு நாள் கழித்து இரண்டாவது லிஸ்ட் ஒட்டுவார்கள் என்றார்கள். பி.எஸ்ஸி. கதவு அதற்குள் மூடியாகிவிட்டது. ஒரு மாலை அனந்தகிருஷ்ணன் தாராவிக்கே போய் மன்சூர் அலி முன்னால் நின்றார். "நான் அன்னிக்கு வாயை மூடிண்டு இருந்திருக்கலாம், பாய்."

"நீங்களா போடச் சொன்னீக? நான்தானே போட்டேன். உக்காருங்க, சாயா வரட்டும்."

இரண்டாவது லிஸ்ட் ஒட்டுகிற அன்று அனந்தகிருஷ்ணன் பென்சிலும் காகிதமுமாகக் காலையிலேயே காலேஜ் வராந்தாவில் நின்றார். முதல் லிஸ்டில் இடம் கிடைத்துச் சேர்ந்திருந்த பையன்களை வழிமறித்து, தனக்குத் தெரிந்த ஹிந்தியிலும் தெரியாத மராட்டியிலும் ஒரே கேள்வியைக் கேட்டார். "உன் மார்க் எத்தனை?" அவரைப் பத்திரிகைக்காரர் என்று நினைத்த ஒருவன் தகப்பனார் பெயரோடு சேர்த்துச் சொன்னான். நூற்று எண்பத்தெட்டு. நூற்று எழுபது. நூற்று அறுபத்தாறு. ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார். கோட்டுக்குக் கீழே உண்மையில் ஆட்கள் இருந்தார்கள். சிரித்துக்கொண்டும் சிகரெட் பிடித்துக்கொண்டும் நடமாடினார்கள்.

பதினொரு மணிக்குப் பியூன் காகிதத்தைக் கொண்டுவந்து ஒட்டினான். கூட்டம் முன்னால் சாய்ந்தது. மொத்தம் ஒன்பது பெயர். பரீதால் நெருங்க முடியவில்லை. உயரமான பஞ்சுதான் எட்டிப் பார்த்து, மேலிருந்து கீழே வாசித்துக்கொண்டே வந்தான். ஏழாவது பெயரில் நின்றான்.

"ஷேக் பரீத், மன்சூர் அலி" என்று படித்தான். பிறகு திரும்பி, "டேய், உங்கப்பா பேரையும் போட்டிருக்கான்டா" என்றான்.

மன்சூர் அலி மகனைக் கட்டிக்கொள்ளவில்லை. அவன் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டு அனந்தகிருஷ்ணனைத் தேடினார். அவர் கூட்டத்துக்குள் இல்லை. லிஸ்டில் கடைசிப் பெயர்க்காரனைக் கண்டுபிடித்து, அவன் கையைப் பிடித்துக்கொண்டு மார்க் கேட்டுக்கொண்டிருந்தார். நூற்று அறுபத்தொன்று. அதை எழுதிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அடுத்த ஜூனிலும் பையன்கள் வந்தார்கள். அனந்தகிருஷ்ணன் அவர்களிடம் மார்க் கேட்டார். போன வருஷம் சேர்ந்தவர்களில் தான் கேட்ட இருபத்திரண்டு பேரின் மார்க்கைக் காட்டினார், கேட்காதவர்கள் நாற்பத்தெட்டுப் பேர் என்பதையும் சொன்னார். போட்டால் என்ன போகும், போடாவிட்டால் என்ன போகும் என்று இரண்டையும் பேசினார். "போடு", "வேண்டாம்" என்ற இரண்டு சொல்லும் அதன்பின் அவர் வாயிலிருந்து வரவில்லை. சிலருக்கு அது பிடிக்கவில்லை. பழைய அனந்தகிருஷ்ணன்தான் தெளிவாகச் சொல்வார் என்று இன்றும் குறைப்பட்டுக்கொள்கிறவர்கள் மாதுங்காவில் இருக்கிறார்கள்.

இந்தக் கதை மாதுங்காவிலும் தாராவியிலும் ஒரு சில வீடுகளைத் தாண்டி யாருக்கும் தெரியாது. "உனக்குக் கிடைக்காது" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, மனுப் போடாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தயவுசெய்து இதை அவரிடம் கொண்டுபோய்ச் சேருங்கள். தமிழ் வாசிக்க வராதவராக இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். மனு வாங்குகிற ஜன்னல் மூடுவதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள்.