தொட்டிக்குள் ஒரு கடல்

எனக்கு ஒன்பது வயதானபோது பெருந்துறைக்குப் பக்கத்தில் ஒரு கடல் இருந்தது. மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் சிமெண்ட் தொட்டிக்குள் அடங்கிய கடல். அதை உண்டாக்கியவர் என் அப்பா.

அப்பாவுக்குக் கூரை போடும் தொழில். கோழிப்பண்ணையோ தறிக்கூடமோ, இடத்தைப் பார்த்ததும் இன்ன ஷீட்டு, இத்தனை திருகாணி என்று நின்றபடியே சொல்லிவிடுவார். அந்த ஆடி மாதம் அத்தை போன் செய்தார். அப்பாவின் ஒரே தங்கை. தானே விரும்பி நாகப்பட்டினம் பக்கத்துக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டதிலிருந்து ஆறு வருடமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சு கிடையாது. கடல் காற்றில் அவர் வீட்டுத் தகரக் கூரை சல்லடையாகிவிட்டதாம்.

"ஐப்பசி மழைக்குள்ள மாத்தோணுங்ண்ணா. எந்த ஷீட்டுப் போட்டா நிக்குமுங்க?"

அப்பா தொண்டையைச் செருமினார். "பாத்துத்தான் சொல்லோணும் கண்ணு. ஞாயித்துக்கெழம கூப்புடு."

எந்த ஷீட்டு உப்புக்கு நிற்கும் என்று பார்ப்பதற்கு ஏற்பாடு நடந்தது. தென்னம்பிள்ளைக் குழிக்குப் போட வாங்கிய கல் உப்பு ஒரு மூட்டை இருந்தது. கடலில் எவ்வளவு உப்பு இருக்கும் என்பதில் மட்டும் குழப்பம். எங்களில் யாரும் கடலைப் பார்த்ததில்லை. கடைசியில் அம்மா தொட்டியில் விரலை விட்டு நக்கிப் பார்த்து, "ரசத்துக்கு மேல, ஊறுகாய்க்குக் கீழ. போதுமுங்க" என்று தீர்ப்புச் சொன்னார்.

தகரம், கலர் ஷீட்டு, அலுமினியம், சிமெண்ட் ஷீட்டு என நான்கு துண்டுகள் சுவரோரம் நின்றன. காலையும் மாலையும் அவற்றின் மேல் கடலை அள்ளித் தெளித்து, மாற்றங்களை நோட்டில் எழுதுவது என் வேலை. ஞாயிறுதோறும் நான் வாசிக்க, அத்தை ஸ்பீக்கரில் கேட்பார். "கலர் ஷீட்டு, வெட்டின ஓரத்துல ரெண்டு புள்ளி" என்று நான் மூச்சு வாங்குவதற்குள், பேச்சு இங்கே யாருக்குக் கல்யாணம், அங்கே என்ன மீன் என்று திரும்பி ஒரு மணி நேரம் ஓடும். பட்டியலின் மீதியை யாரும் கேட்டதில்லை. எனக்கு எரிச்சலாக வரும்.

ஆறாம் வாரம் எங்கள் மாடு கயிற்றை உருவிக்கொண்டு தொட்டிக்கு வந்தது. உப்புப் போட்ட புண்ணாக்குத் தண்ணீரில் வளர்ந்த மாடு. கால் பங்கு கடலைக் குடித்துவிட்டு இரண்டு நாள் கழிச்சலில் கிடந்தது.

"ஏனுங்க, இனி மோருக்கு உப்புப் போடற வேல மிச்சமுங்க" என்றார் அம்மா.

தொட்டியைக் கழுவிப் புதுக் கடல் வைக்கச் சொன்னார் அப்பா. மாடு மறுபடி குடித்தால் என்ன ஆவது என்று பயந்து, உப்பே போடாமல் குழாய்த் தண்ணீரை நிரப்பினேன். அதற்குப் பிறகு தகரத்தில் ஒரு புள்ளிகூடக் கூடவில்லை. புரட்டாசியும் முடியப்போகிறது. தகரம் ஜெயித்தால் அத்தை தலைக்கு மேல் மறுபடியும் தகரம்தான். ஒழுகினால் பழி என்மேல்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நோட்டைத் திறக்காமலே போனைப் பார்த்து அழுதேன். "அத்தை, அது கடலே இல்லீங்க. வெறும் பைப்புத் தண்ணிங்க."

அப்பா திட்டவில்லை. "அப்ப மறுக்கா மொதல்ல இருந்து பாக்கோணுமாட்ட இருக்குதே" என்றார், கொஞ்சமும் வருத்தமில்லாமல்.

"மெதுவாப் பாருங்ண்ணா. அவசரமில்லீங்க." அத்தை பேசும்போதே அங்கே ஏதோ பாத்திரத்தில் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "அலுமினியமும் துருப்புடிக்காத எஸ்எஸ் திருகாணியுந்தான் நிக்கும்னு மொத நாளே எங்கிட்டச் சொன்னீங்கல்ல? புள்ளய எதுக்குங்க இத்தன நாளா வெயில்ல நிறுத்தறீங்க?"

ஸ்பீக்கரில் அத்தை சிரித்துவிட்டார். "இங்க பக்கத்தூட்டுலெல்லாம் அதுதானுங்க அண்ணி போட்டிருக்கறாங்க."

"தெரிஞ்சுக்கிட்டே எதுக்கு எங்கிட்டக் கேட்ட?" என்றார் அப்பா.

"நீங்க எதுக்குங்ண்ணா சொல்லாம இருந்தீங்க?"

பிறகு அப்பா, "புதன்கெழம ஷீட்டோட வாரேன். நானே போட்டுக் குடுக்கறேன்" என்று சொல்லிவிட்டு, மாட்டைப் பார்க்கப் போவதுபோல எழுந்து போனார்.

விடை தெரிந்த ஒருவர், விடை தெரிந்த இன்னொருவரிடம் இரண்டு மாதமாகக் கேள்வி கேட்டிருக்கிறார். நோட்டில் 'முடிவு' என்று எழுதி அடிக்கோடு போட்டுவிட்டு, நெடுநேரம் யோசித்து ஒரே வரி எழுதினேன்: பெரியவர்களுக்கு ஞாபக மறதி அதிகம்.