கேசட்டில் போன கோமதி

கேசட்டைப் போட்டதும் முதலில் கேட்பது அத்தாவின் குரலாக இருக்காது. பழைய ஏசி ஒன்றின் இரைச்சல், யாரோ பலகையில் வெங்காயம் நறுக்கும் சத்தம், ஒரு இருமல், "ஓடுதா பாருங்க பாய்" என்று ஒருவர், "ஓடுது ஓடுது, பேசுங்க" என்று இன்னொருவர், இவ்வளவும் ஆன பிறகுதான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு "அஸ்ஸலாமு அலைக்கும், நான் அத்தா பேசுறேன்" என்று என் தகப்பனார் எங்கள் கூடத்துக்குள் வருவார். அதுவரை அம்மா மூச்சுகூட விடமாட்டார்.

எண்பதுகளில் எங்கள் பக்கத்துச் "சபுராளி"கள், அதாவது வளைகுடாவுக்குப் பிழைக்கப் போனவர்கள், கடிதத்தைவிடக் கேசட்டைத்தான் நம்பினார்கள். லீவில் வருகிறவர் கொண்டுவந்து கொடுப்பார், திரும்புகிறவர் ஊறுகாயோடும் கருவாட்டோடும் எங்கள் பதிலை எடுத்துப் போவார். வாய்க்காலில் தண்ணீர் வந்தது, நடவு முடிந்தது, யாருக்குப் பிள்ளை பிறந்தது என்று வீட்டுச் சேதி முழுவதும் சொன்னாலும் ஒரு பக்கம்தான் நிரம்பும். மறுபக்கத்தைக் காலியாக அனுப்ப அம்மாவுக்கு மனசு வராது. "வெள்ளிக்கிழமை ஆனா ரூம்ல எட்டு பேரும் சும்மாதான் கெடக்கோம், ஏதாச்சும் கதை படிச்சு அனுப்புங்க" என்று அத்தா சொல்ல, என் அக்கா ஜெய்புன் நூலகத்திலிருந்து அந்த நாவலை எடுத்து வந்தாள்.

அட்டை போய், பைண்டு செய்து, அதுவும் நைந்துபோன பழைய காதல் கதை. கோமதி ஒரு வக்கீலின் மகள். அவள் மனசு ஒரு பள்ளி ஆசிரியர் மேல். வக்கீலோ ரைஸ்மில் முதலாளியின் மகனுக்குப் பெண் தருவதாக வாக்குக் கொடுத்துவிடுகிறார். கல்யாணம், கௌரவம், ஊர் என்ன சொல்லும் என்ற மூன்றையும் சுற்றி ஐந்நூறு பக்கம்.

ஒரு கேசட்டுக்கு இரண்டு அத்தியாயம். மதியம் பக்கத்து மில்லின் சத்தம் ஓய்ந்திருக்கும் நேரத்தில் அக்கா படிப்பாள். அவளுக்கு நல்ல குரல், அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. படித்து முடித்ததும் ஆளுக்கு ஒரு கருத்துச் சொல்லிவிட்டுத்தான் பட்டனை அமுக்குவோம். "பொண்ணுக்கு இவ்வளவு அழுத்தம் ஆகாது" என்று அம்மா சொல்வார். எனக்கு அப்போது பத்து வயது. "எனக்கு மில்லுக்காரர் மகனைத்தான் புடிச்சிருக்கு, அவங்ககிட்ட கார் இருக்கு" என்று நான் சொன்னதைக் கேட்டு அந்த ரூமே ஒரு மாதம் சிரித்ததாம்.

ரூமிலிருந்தும் கருத்து வரும். ஏசி இரைச்சலுக்கு நடுவே எட்டு ஆண்கள் ஒரு வக்கீல் மகளின் வாழ்க்கையைப் பற்றிச் சண்டை போடுவதைக் கேட்பது எங்களுக்குக் கதையைவிட ருசியாக இருந்தது. பூம்புகார்ப் பக்கத்து டிரைவர் செல்வம் எப்போதும் வாத்தியார் கட்சி. அவருக்கு ஊரில் ஒரு பெண்ணைக் கேட்டுப் போய், வருமானம் போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். கீழ்வேளூர் மாமா என்று நாங்கள் சொல்லும் இன்னொருவர் வக்கீல் கட்சி. "வாக்குன்னா வாக்குதான், பொண்ணு அழுதுச்சுன்னு மாத்துனா மனுசனுக்கு என்ன மதிப்பு" என்பார். கதையைப் பற்றிப் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டு அவரவர் கதையைத்தான் எல்லோரும் பேசினார்கள் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் புரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் அத்தாவின் கேசட்டில் வீட்டுச் சேதியோடு சேதியாக அது வந்தது. கீழ்வேளூர் மாமாவின் தம்பிக்கு ஜெய்புன் அக்காவைப் பேசியாயிற்று, ரூமிலேயே வைத்து வாக்குக் கொடுத்தாயிற்று, அடுத்த லீவில் நிக்காஹ். அக்கா திருவாரூரில் பி.எஸ்ஸி. கணக்கு இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். முடித்துவிட்டு டீச்சராக வேண்டும் என்பதைத் தவிர அவள் வேறு எதையும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. மாப்பிள்ளை வீட்டில் படிப்பை நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். "அத்தா வாக்குக் குடுத்துட்டாங்க, இனி என்ன பேச்சு" என்று அம்மா அடுக்களைக்குப் போய்விட்டார். அக்கா விரித்து வைத்திருந்த கணக்கு நோட்டை மூடினாள். எனக்கோ உள்ளூரச் சந்தோஷம், அவள் போய்விட்டால் ஜன்னலோரக் கட்டில் எனக்கு என்று. அந்த வயதில் நான் அவ்வளவு நல்ல பிள்ளை இல்லை.

மறுவாரம் அக்கா அத்தியாயம் படிக்க உட்கார்ந்தாள். நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள், வக்கீல் வீட்டில் பந்தல் போடுகிறார்கள். நானும் பக்கத்தில் சாய்ந்துகொண்டு வரியோடு வரியாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஓரிடத்தில் என் கண்ணுக்கு முன்னால் இருந்த வரியும் காதில் விழுந்த வரியும் வேறு வேறாகிவிட்டன. நிமிர்ந்து பார்த்தால் அக்கா புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு, குரல் கொஞ்சமும் மாறாமல், கோமதி தன் தகப்பனாரிடம் போய் நிற்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, நாளைக்கு எத்தனை பேருக்கு இலை போட வேண்டும் என்று சமையல்காரரைக் கேட்டீர்கள். பந்தல்காரரைக் கேட்டீர்கள். மேளக்காரரைக் கேட்டீர்கள். என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா?"

அதன் பிறகு நான்கைந்து வாக்கியங்கள் அப்படியே போய், எங்கே விட்டாளோ அங்கே வந்து புத்தகத்தைப் பிடித்துக்கொண்டாள். பட்டனை அமுக்கியதும் என் கையைப் பிடித்து, "யார்கிட்டயாச்சும் சொன்னே, தோலை உரிச்சிடுவேன்" என்றாள். நான் சொல்லவில்லை. எதற்காக அப்படிச் செய்தாள் என்று எனக்கே கொஞ்சம் புரிந்துவிட்டது, கட்டில் ஆசையும் அன்றோடு போய்விட்டது.

பதில் வர ஆறு வாரமாயிற்று. ரூம் இரண்டாகப் பிளந்துவிட்டிருந்தது. "அப்பனை நிக்க வச்சுக் கேக்குறதா, இதெல்லாம் எழுதுறவன் சும்மா இருந்தா எழுதுறது" என்றார் கீழ்வேளூர் மாமா. "அது கேட்டதுல என்ன தப்புங்கறேன்" என்று செல்வம் கத்தினார். "பாய், நீங்க சொல்லுங்க" என்று யாரோ அத்தாவைக் கேட்க, அத்தா தொண்டையைக் கனைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அந்தப் புள்ள கேட்டது நியாயந்தான். பெத்தவன் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

அக்கா அந்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டாள். ஆனாலும் தன் வாயால் கேட்கத் துணியவில்லை. அடுத்த கேசட்டில் வெறுமனே அடுத்த இரண்டு அத்தியாயங்களைப் படித்து அனுப்பினாள். அவள் கல்லூரிப் புத்தகங்களை எல்லாம் ஒரு அட்டைப்பெட்டியில் அடுக்குவதை அந்த நாட்களில்தான் பார்த்தேன்.

நோன்புக்கு முன்பு ஒரு கேசட் வந்தது. அதில் ஏசி இல்லை, வெங்காயம் இல்லை, பேச்சுச் சத்தம் இல்லை. அத்தா மட்டும். "ஜெய்புன், ஒன்னைக் கேக்காம வாக்குக் குடுத்துட்டேன். இப்பக் கேக்குறேன். ஒனக்கு இஷ்டமாம்மா? இல்லைன்னா இல்லைன்னு சொல்லு, அத்தா பாத்துக்குறேன்." அவ்வளவுதான். மீதிக் கேசட் முழுவதும் காலி. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு, ஊர் சிரிக்கும் என்று அழுதார். அக்கா அன்றே பதில் பேசினாள்: "இஷ்டமில்லை அத்தா. நான் படிச்சு முடிக்கணும்." அவள் குரல் உடைந்ததை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

சம்பந்தம் நின்றது. கீழ்வேளூர் மாமா அத்தாவோடு பேச்சை விட்டார். அத்தா வேறு ரூமுக்கு மாறிப் போனதாகச் சேதி வந்தது. அதோடு கதைக் கேசட்டும் நின்றுபோனது. அக்கா கணக்கு டீச்சரானாள், தனக்குப் பிடித்தவரையே கட்டிக்கொண்டாள், இப்போது ஓய்வும் பெற்றுவிட்டாள். ஒரு கதைக்குக் கருத்துச் சொல்லப் போய் அத்தா தன் வாயாலேயே மாட்டிக்கொண்டார் என்று நானும் அவளும் இத்தனை வருடம் எங்களுக்குள் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

போன மாதம் அந்த நாவலின் புதிய பதிப்பை இணையத்தில் பார்த்தேன். கீழே வாசகர் கருத்துகள், நூற்றுக்கணக்கில். நான்கு நட்சத்திரம், மூன்று நட்சத்திரம், "மொழி நடை அருமை", "இடையில் கொஞ்சம் இழுவை". ஒரு பெண் இப்படி எழுதியிருந்தார்: "கோமதி சரியான வாயில்லாப் பூச்சி. கடைசிவரை அவளை யாரும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை." எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னது சரிதான். எங்கள் கோமதி எந்தப் பதிப்பிலும் இல்லை. கேசட்டிலும் இல்லை, ஏனென்றால் அந்தக் காலத்தில் ஒரு கேசட்டை அழித்து அழித்துப் பத்துத் தடவை பேசுவோம், அக்காவின் அந்த நான்கைந்து வாக்கியங்களின் மேல் எந்த வருட நடவுச் சேதி ஏறி உட்கார்ந்ததோ தெரியாது. ரூமில் அந்த எட்டு பேரும் கூடத்தில் நாங்களும் டேப் முன்னால் உட்கார்ந்து கேட்டதும் போய்விட்டது. இப்போது கருத்துச் சொல்ல யாருக்கும் தொண்டையைக் கனைக்க வேண்டியதில்லை.

அத்தாவுக்கு எண்பத்து நான்கு வயது. அந்தக் கருத்தை அவருக்குப் படித்துக் காட்டி, இனி பயமில்லை என்று அக்கா செய்த வேலையைச் சொல்லிவிட வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"சரியாத்தான் எழுதியிருக்கு அந்தப் பொண்ணு. புஸ்தகத்துல கோமதி வாயே தொறக்கலையே."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கதை எப்படி முடியுதுன்னு பாத்துச் சண்டையைத் தீக்கணும்னு செல்வம் லீவுல போய் அந்தப் புஸ்தகத்தை வாங்கிட்டு வந்தாரு. மொதல்ல நான் படிக்கிறேன்னு வாங்குனேன். அந்த எடத்தைத் தேடுனேன், இல்ல. அப்பறம் யார் பேசுனதுன்னு எனக்குத் தெரியாதா? அன்னிக்கே மாடிக்குத் தனியாப் போயி ஒக்காந்து ஒங்க அக்காவுக்குக் கேசட் பேசுனேன்."

"செல்வம் புஸ்தகத்தைத் திருப்பிக் கேக்கலையா?"

"கேட்டாரு, எல்லாரும் கேட்டாங்க. குடுத்தா ஒங்க அக்கா பொய் சொல்லிட்டான்னு ஆயிடும்ல. இன்னும் படிச்சு முடிக்கலைன்னு சொல்லிட்டே இருந்தேன், அந்த ரூமை விட்டுப் போற வரைக்கும்."