பழனிக்கு இறங்காத வண்டி

காரின் பின் அச்சுக்கு ஊற்றுகிற கிரவுன் ஆயிலின் நாற்றம் எப்படியிருக்கும் என்று கேட்டால், கெட்டுப்போன முட்டையை யாரோ வீட்டுக்குள் உடைத்துவிட்டுச் சொல்லாமல் போனதுபோல் இருக்கும் என்பேன். என் பதினோராம் வயதில், ஒரு மே மாதம் முழுவதும் எங்கள் அடுப்படியில் அந்த நாற்றம்தான். அடுப்பு மேடையிலேயே, அம்மாவின் இட்லிக் கொப்பரைக்குள், வட்டவட்டமான இரும்புப் பிளேட்டுகளை அத்தா அந்த ஆயிலில் ஊறப்போட்டிருந்தார். அம்மா இருந்திருந்தால் கொப்பரையும் பிளேட்டும் தெருவில் கிடந்திருக்கும். அம்மா மௌத்தாகி அப்போது நாற்பது நாள் தாண்டியிருந்தது. அதனால் அத்தாவைக் கேட்பதற்கு வீட்டில் ஆள் இல்லை.

அத்தாவுக்குக் கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் டயர் கடை, கடைக்குப் பின்னால் வீடு, இரண்டுக்கும் நடுவில் தார்ப்பாய் போர்த்திய ஒரு கார். கோயம்புத்தூரில் பந்தயம் ஓட்டிய ஒருவரிடமிருந்து அவர் வாங்கிய, பின்சக்கரம் தள்ளுகிற பழைய ஜப்பான் கார் அது. வருஷத்துக்கு ஒரு முறை மலையேற்றப் பந்தயத்துக்குக் கொண்டுபோவார். பரிசு எதுவும் வாங்கிவந்ததாக எனக்கு ஞாபகமில்லை. மற்ற நாளெல்லாம் அதைத் துடைத்துக்கொண்டிருப்பார். அம்மா அந்தக் காரை "உங்க இளைய சம்சாரம்" என்று சொல்வாள், பாதி சிரிப்பாகவும் பாதி நிஜமாகவும்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்து பாய் சுருட்டும்போதே பழனியிலிருந்து வந்திருந்த பெரியம்மா, அதாவது அம்மாவின் அக்கா, பேச்சை எடுத்துவிட்டார். "பொம்பளப் புள்ள தம்பி, இன்னும் ஒண்ணு ரெண்டு வருசத்துல வயசுக்கு வந்துரும். டயர் கடைக்குள்ள வச்சு வளக்க முடியுமா? ஜூன்ல எங்க பக்கத்து ஸ்கூல்லயே சேத்துருவோம்." அத்தா தலையைக் குனிந்துகொண்டே, "சரி மதினி, நானே கார்ல கொண்டாந்து விடுறேன்" என்றார். என்னை யாரும் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. உண்மையில் அந்த நாட்களில் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. வந்திருந்த பெண்கள் என்னைப் பார்த்து "கல்லு மாதிரி இருக்கு புள்ள" என்று பேசிக்கொண்டது காதில் விழுந்தது; வேறு யாரையோ சொல்கிறார்கள் என்பதுபோல் கேட்டுக்கொண்டு நின்றேன். ஒன்றே ஒன்று மட்டும் உள்ளே கிடந்தது: அத்தாவை விட்டுவிட்டு நான் பழனிக்குப் போகக் கூடாது.

மறுவாரம் ஒருநாள் வெள்ளனே தார்ப்பாயை எடுத்து, காரை ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம் என்று என்னையும் ஏற்றிக்கொண்டு வில்பட்டி ரோட்டில் போனார். ஒரு கொண்டை ஊசி வளைவில் ஆக்ஸிலேட்டரை அழுத்தியதும் பின்னால் ஒரு பக்கம் மட்டும் கிறீச்சென்று கத்தியது. இறங்கிப் போய் ரோட்டைப் பார்த்தார். இரண்டு டயரும் பதித்திருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு கறுப்புக் கோடு கிடந்தது. "ஒத்தக்கோடு" என்றார், அவ்வளவுதான். வழியில் ஓரிடத்தில், ஒரு பின்சக்கரம் தாரிலும் மற்றது பைன் மரத்துச் சருகிலும் நிற்கும்படி நிறுத்திக் கிளப்பினார். சருகில் நின்ற சக்கரம் ஊசி ஊசியாகச் சருகை வாரி இறைத்ததே தவிர, வண்டி நின்ற இடத்தை விட்டு நகர்வதாக இல்லை.

வீட்டுக்கு வந்து ஜாக்கி வைத்து ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கினார். கியரை நியூட்ரலில் போட்டுவிட்டு, "சுத்திப் பாரு" என்றார். நான் ஒரு கையால் தள்ள, அது ராட்டினம்போல் சுற்றியது. நல்ல நிலையில் இருந்தால் பெரிய ஆளே நீளமான ரெஞ்ச் மாட்டி மூச்சைப் பிடித்துத்தான் திருப்ப முடியுமாம். ரெண்டு சக்கரத்தையும் சேர்த்துத் தள்ளவைக்கிற பிளேட்டுகள் பின்சக்கரங்களுக்கு நடுவில் இருக்கிற டிஃப்ரன்ஷியலுக்குள் அடுக்கியிருக்கும், அது தேய்ந்துபோய்விட்டது, அதற்குப் பெயர் எல்.எஸ்.டி. என்று சொல்லிவிட்டு, கடைக்குள் போய்ப் பெரியம்மாவுக்குப் போன் போட்டார்.

"எல்.எஸ்.டி. போயிருச்சு மதினி. இத வச்சுக்கிட்டு மலை எறங்க முடியாது. புள்ளைய வச்சுக்கிட்டு அந்த வளைவுல எப்படி?"

அந்தப் பக்கம் பெரியம்மா பஸ்ஸைப் பற்றி ஏதோ கேட்டிருக்க வேண்டும். "பஸ்ல ஏத்திவிட மனசு வரல. கொஞ்சம் பொறுங்க, வெரசா முடிச்சுருவேன்" என்றார்.

கோயம்புத்தூரிலிருந்து புதுப் பிளேட்டுகள் பஸ் பார்சலில் வந்தன. கூடவே என் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சின்னப் பாட்டிலும். "இத ஆயில் கூடக் கலந்து ஊத்தணும். இல்லன்னா வளையுறப்ப பிளேட்டு கெடந்து கத்தும்" என்று அத்தா யாருக்கோ சொல்வதுபோல் சொல்லிவிட்டு அதை ஜன்னல் மேல் வைத்தார். அன்று அவர் தொழுகைக்குப் போயிருந்தபோது நான் அதை எடுத்து அரிசி டின்னுக்குள் ஆழமாகப் புதைத்துவிட்டேன். அரிசி டின்னில் கைவிடுகிற ஆள் அம்மாதான், அம்மா இல்லை, ஆகவே இனி யாரும் பார்க்கப்போவதில்லை என்பது என் கணக்கு. செய்தது தப்பு என்று தெரிந்தது, பயமாகவும் இருந்தது. அம்மா போனதற்குப் பிறகு எனக்குள் ஏதோ ஒன்று அசைந்தது அன்றைக்குத்தான்.

பிளேட்டுகள் ஒரு நாள் முழுக்க ஊறின. அத்தா டிஃப்ரன்ஷியலை இறக்கி, பழையதைக் கழற்றி, புதியதை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மாட்டினார். கடைசியில், "அந்தச் சின்னப் பாட்டில் எங்க?" என்று கேட்டார். "தெரியலத்தா" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. வெறும் ஆயிலை ஊற்றி மூடினார்.

சுற்றுலா வேன்கள் நிற்கிற காலி இடத்தில் எட்டுப் போட்டுப் பார்த்தார். மெதுவாக வளையும்போதெல்லாம் பின்னாலிருந்து யாரோ கதவை உடைப்பதுபோல் டக் டக் டக்கென்று சத்தம். "அடுக்குனதுல எங்கயோ தப்பு" என்று மறுபடி ஜாக்கியில் ஏற்றினார். நாலு நாள் கழித்து மாட்டினார், அதே சத்தம். மறுபடி கழற்றினார். கடைக்கு வந்தவர்கள், "என்ன பாய், இன்னும் முடியலையா? புதுசா கார் செய்யிறதா இருந்தாக்கூட முடிஞ்சிருக்கும்" என்று கிண்டலடித்தார்கள். அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. மத்தியானம் ஆயில் கையைக் கழுவிவிட்டு அவர் வடிக்கும் குழைந்த சோற்றை, இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசாமல் தின்போம். அது ஒரு நல்ல மாதம் என்று நான் சொன்னால் உங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும். ஆனால் அப்படித்தான் இருந்தது.

மூன்றாம் முறை கழற்றிப் போட்டிருந்த ஒரு காலையில் பெரியம்மா பழனி பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார். ஜாக்கியில் நின்ற காரை ஒரு பார்வை பார்த்தார். "இது என்னைக்குத் தம்பி முடியிறது? ஸ்கூல் தெறந்துரும். நான் கூட்டிட்டுப் போறேன்." என் துணிகளை அவரே மடித்து வைத்தார். அத்தா வாசலுக்கு வந்து நின்று, என் தலைமேல் கை வைக்கப் போனவர், "கையில ஆயிலு" என்று சொல்லிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். நான் பையை எடுத்துக்கொண்டு நடந்தேன். பெருமாள்மலை வந்தது, வடகவுஞ்சி வந்தது, பஸ் எல்லா வளைவிலும் திரும்பித் திரும்பி இறங்கியது. எனக்கு அழுகை வரவில்லை, வாந்திகூட வரவில்லை.

பழனியிலேயே படித்தேன், பழனியிலேயே என்னைக் கட்டிக்கொடுத்தார்கள், பழனியிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராகவும் ஆகிவிட்டேன். அத்தா மாதம் ஒருமுறை பேரிக்காயோ பிளம்ஸோ எடுத்துக்கொண்டு வருவார், பஸ்ஸில்தான். காரை விற்றுவிட்டதாக ஒருமுறை சொன்னார், நான் மேற்கொண்டு கேட்கவில்லை. போன வருஷம் எங்கள் காரை வேலைக்கு விட்டிருந்த இடத்தில், கார்ப் பைத்தியமான ஒரு மெக்கானிக் பையனிடம் பேச்சோடு பேச்சாக இந்தக் கதையைச் சொன்னேன்.

"எல்.எஸ்.டி. போனா பந்தயத்துலதான் டீச்சர் பிரச்சன. ரோட்டுல ஒண்ணும் ஆகாது. உங்க கார்ல அது இருக்கா? நீங்க எறங்குன பஸ்ல இருந்துச்சா? தேஞ்சுபோனா அதுவும் சாதா வண்டி மாதிரி ஓடும், அவ்வளவுதான். தாராளமா எறங்கியிருக்கலாமே" என்றான்.

போன மாதம் கொடைக்கானல் போனேன். டயர் கடை இருந்த இடத்தில் இப்போது காட்டேஜ். கார் நின்ற இடத்தில் டூரிஸ்ட்டுகள் பல் விளக்குகிறார்கள். வில்பட்டி ரோட்டு வளைவுகளில் எத்தனையோ முறை தார் போட்டாகிவிட்டது. பின்கட்டில் அத்தாவுக்கு ஓர் அறை மிச்சமிருக்கிறது. கட்டிலில் உட்கார்ந்து பேரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன்.

"அத்தா, அந்தக் கார் அப்பவே பழனிக்கு எறங்கியிருக்கும்ல?"

"எறங்கியிருக்கும்."

"அந்தப் பாட்டில ஒளிச்சு வச்சது நான்தான்."

"தெரியும். அரிசி டின்னுல வச்சா, சோறு வடிக்கிறவனுக்குத் தெரியாதா?" என்று சொல்லி ஒரு துண்டை என்னிடம் நீட்டினார்.

"அப்புறம் ஏன் என்னை அனுப்புனீங்க?"

கத்தியைத் துடைத்துக் கீழே வைத்தார். "நானா இருன்னு சொன்னா, சோறு பொங்கிப் போட புள்ளையப் புடிச்சு வச்சுக்கிட்டான்னு ஆகிரும். நீ ஒரு வார்த்த போகலன்னு சொல்லியிருந்தா மதினிகிட்ட பேசியிருப்பேன். சொல்லுவ சொல்லுவன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நீ பைய எடுத்துட்டுக் கெளம்பிட்ட."

"நான் போகலத்தா" என்றேன்.

அவர், "நாளைக்கு ஸ்கூல் இருக்குல்ல?" என்று கேட்டார்.

இருந்தது. மூன்றரை மணி பஸ்ஸில் கிளம்பிவிட்டேன்.