ராஜம் டீச்சரின் கடல் சாமந்தி

சுங்கைப்பட்டாணிச் சந்தையில் மரவள்ளிக்கிழங்குக்காக நின்றிருந்தபோது செய்தி வந்தது. குருணிலிருந்து சைக்கிளில் கிழங்கு கொண்டுவரும் வீரப்பன் மூட்டையை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "கமலா டீச்சர், ஒங்களுக்குச் சேதி தெரியாதா? ராஜம் டீச்சர் போயிட்டாங்க. காய்ச்சல். வெள்ளிக்கிழமையே எடுத்தாச்சு." நான் கிழங்கை வாங்கிக்கொண்டு பாக்கார் ஆராங்கில் உள்ள வீட்டுக்கு நடந்தேன். அடுப்பு மூட்டினேன். வேகவைத்தேன். சாப்பிட்டேன். அழுகை வரவில்லை. இப்போது எல்லா வீட்டிலும் இப்படித்தான்.

அவளை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அச்சிட வழியில்லை. படித்தவர் அடுத்தவருக்குக் கொடுங்கள்.

அலோர் ஸ்டார் பள்ளியில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கு ராஜத்தின் நாக்கு நினைவிருக்கும். சென்னைக் கல்லூரியில் படித்தவள் என்பதற்காக என்னை அவள் விட்டதே இல்லை. "அக்கா கடற்கரையில காத்து வாங்கியே பாஸ் பண்ணினவங்க" என்று புதிதாக வரும் ஆசிரியைகளிடம் அறிமுகப்படுத்துவாள். பிறகு தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர் மாணிக்கத்தைக் கட்டிக்கொண்டு குருணுக்குப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போனாள். அவர் அங்கே ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்டார், அவள் பள்ளிக்கூடத்தை.

மாணிக்கத்துக்குக் கடல் மீன் பைத்தியம். இயந்திரக் கொட்டகையில் ஒதுக்கிப் போட்டிருந்த பெரிய பேட்டரிக் கண்ணாடித் தொட்டி ஒன்றை வாங்கி வந்து, கிழக்கு ஜன்னலோரம் வைத்து, யான் கடற்கரையிலிருந்து மண்ணெண்ணெய் டின்னில் தண்ணீர் கொண்டுவந்து நிரப்பினார். உள்ளே சில கற்கள், சின்னச் சின்ன மீன்கள். மலையும் ரப்பரும் மட்டுமே உள்ள அந்த இடத்தில் அது ஒரு கைப்பிடிக் கடல். தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே எப்போதும் நிற்பார்கள்.

சண்டை வருவதற்கு முந்தைய விடுமுறை ஒன்றில் நான் அங்கே இருந்தேன். கடல் சாமந்தி ஒன்று கொண்டுவரப் போவதாக மாணிக்கம் சொன்னார்.

"அது செடியா, பிராணியா?" என்றாள் ராஜம்.

"பிராணிதான். கல்லுல ஒட்டிக்கிட்டுப் பூ மாதிரி விரிஞ்சிருக்கும். நடுவுல வாய் இருக்கு."

"வாயுள்ள பிராணி ஒண்ணு வீட்டுல ஏற்கெனவே இருக்கே, போதாதா?"

"ஒன்ன நான் அப்படிச் சொல்லலையே" என்றார் அவர்.

"நான் ஒங்களத்தான் சொன்னேன்."

நான் சிரித்தேன். ராஜம் சிரிக்கவில்லை. "மீன் செத்தா ஒரு மீன் போகும். இது செத்தா அழுகித் தண்ணியக் கெடுத்துத் தொட்டியையே கொண்டுபோகும். அதுவும் செத்துப்போச்சா, சும்மா சுருங்கிக்கிட்டுக் கெடக்கான்னு பாத்தாத் தெரியாதாம். நீங்கதானே படிச்சுச் சொன்னீங்க? அது தெரியாமக் காத்துக்கிட்டிருக்கிற வேலை எனக்கு வேணாம்." மாணிக்கம் அன்றைக்கு விட்டுவிட்டார்.

ஜப்பான்காரன் வந்தான். ரயில் பாதை போட சயாமுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்ற பேச்சு தோட்டத்துக்கு வந்த வாரம், மாணிக்கம் யாரிடமும் சொல்லாமல் சைக்கிளில் யானுக்குப் போனார். எதிரே இருக்கும் தீவுக்குப் படகேறி, ஒரு வாளியில் கல்லோடு கடல் சாமந்தியைக் கொண்டுவந்தார். இனிமேல் எப்போது போக முடியுமோ என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். சில நாட்களில் லயத்து ஆண்களை லாரியில் ஏற்றினார்கள். கூட ஒரு டிரசரும் வேண்டும் என்றார்கள். லாரியில் கால் வைத்தபடி அவர் சொன்னதை ராஜம் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள்: "வச்சுக்கிறதும் விடறதும் ஒன் இஷ்டம். முடியலேன்னா யான்ல கொண்டுபோய் விட்டுடு."

வேண்டாம் என்றவள் வைத்துக்கொண்டாள். நாங்கள் கிழங்கு தின்னும் காலத்தில், ஓடையில் பிடித்த கூனி இறாலைக் குச்சி நுனியில் வைத்து அதற்கு ஊட்டினாள். தண்ணீருக்குக் காற்று வேண்டுமென்று காலையும் மாலையும் குவளையால் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினாள். உப்பு கிடைக்காமல் லயத்துப் பெண்கள் யானுக்கு நடந்துபோய்க் கடல்நீரைக் காய்ச்சி உப்பு எடுத்து வந்தார்கள். அவர்களில் யாராவது ஒருத்தி, காய்ச்சாத தண்ணீர் ஒரு டின் அவளுக்காகத் தலையில் சுமந்து வருவாள். அந்தச் சுமைக்கு உப்பாகவே கொண்டுவந்திருக்கலாம். ஏன் செய்கிறார்கள் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை.

விளங்கவைத்தது முனியம்மா. இரண்டு பிள்ளைகளோடு, சயாம் போன புருஷனுக்காகக் காத்திருந்தவள். "டிரசரய்யா இருந்தா எங்க ஆளுங்களுக்கு மருந்து கெடைக்கும். அய்யா இருக்காருன்னு டீச்சருக்குத் தெரியும். அதான் அந்தப் பூவ வச்சிருக்காங்க. டீச்சர் நெத்தியில பொட்டு இருக்கிற வரைக்கும் எங்க நெத்தியிலயும் இருக்கும்" என்றாள். ராஜம் அப்படி யாரிடமும் சொன்னதில்லை. அவர்களாகவே முடிவு செய்துகொண்டது. ஒரு லயம் முழுவதும் தன் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று.

சயாமிலிருந்து தப்பி வந்தவர் ஒருவரே. காலில் புண், எலும்பு தெரிந்தது. ஆஸ்பத்திரித் திண்ணையில் படுத்தபடி அவர் ராஜத்திடம் சொன்னார்: "வாந்திபேதி வந்தவங்களக் கொட்டாயோட தீ வச்சுட்டாங்க தாயி. நம்ம தோட்டத்து ஆளுங்க அங்கதான் கெடந்தாங்க. டிரசரு உள்ள இருந்தாரா, வெளிய இருந்தாரா... நான் பாக்கல." பாக்கல என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவள் மூன்று மாதம் ஓட்டினாள். பெண்களும் ஓட்டினார்கள்.

பிறகு நான் கடைசியாகப் போயிருந்தபோது முனியம்மா வந்தாள். காய்கறித் தோட்டம் போட்டிருக்கும் ஒருவர் அவளையும் பிள்ளைகளையும் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். சின்னவனுக்குக் கால் வீங்கியிருந்தது. பசி வீக்கம். பார்த்தவுடன் தெரிந்தது.

"போயேன்டி. நான் என்ன தடுக்கிறேனா?" என்றாள் ராஜம்.

"நீங்க பொட்டோட இருக்கும்போது நான் எப்படி டீச்சர் போவேன்? உசுரோட இருக்கிறவன விட்டுட்டு ஓடினவன்னு லயமே சொல்லும். நீங்க அழிச்சா நானும் அழிச்சுட்டுப் போயிடுவேன். இல்ல, அய்யா வருவாருன்னு சொல்லுங்க. இருந்துடறேன்."

ராஜம் எழுந்து தொட்டியருகே போனாள். அன்று தொட்டியில் கடல் சாமந்தி சுருங்கி, பழுப்பு நிற முடிச்சு மாதிரி கல்லில் கிடந்தது. முன்பும் அப்படிக் கிடந்து மறுபடி விரிந்திருக்கிறது. அவள் கையை விட்டுத் தொட்டாள். விரலை முகர்ந்தாள். என்னிடமும் நீட்டினாள். எனக்குக் கடல் வாடை தவிர எதுவும் தெரியவில்லை.

"செத்துடுச்சா?" என்றேன்.

"தெரியலக்கா. தெரியறதுக்குக் காத்திருந்தா மீனெல்லாம் போயிடும்."

கல்லோடு தூக்கி, அன்று வந்த யான் தண்ணீரை ஒரு பீங்கான் பூசிய பேசினில் ஊற்றி அதில் வைத்தாள். பிறகு தொட்டித் தண்ணீரை உள்ளங்கையில் அள்ளி, முனியம்மா பார்க்க, நெற்றியைத் துடைத்தாள். சோப்புப் போட்டுக் கழுவுவது போல, அவசரமில்லாமல். முனியம்மா அலறிக்கொண்டு லயத்துக்கு ஓடினாள். பொழுது சாயும்முன் ஒவ்வொரு வாசலிலிருந்தும் ஒப்பாரி எழுந்தது. எத்தனை வீடு என்று நான் எண்ணவில்லை. எந்த வீடு விட்டுப்போயிற்று என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றும் விட்டுப்போகவில்லை.

மறுநாள் காலை பேசினில் கடல் சாமந்தி விரிந்திருந்தது. புதுத் தண்ணீர் அதற்குப் பிடித்திருக்க வேண்டும். இதழ் இதழாக, வெயிலில், முழுதாக விரிந்திருந்தது. முதலில் பார்த்தவள் முனியம்மா. "டீச்சர், தொறந்துடுச்சு!" என்று கத்தினாள். பெண்கள் வெறும் நெற்றியோடு ஓடிவந்து சுற்றி நின்றார்கள். ஒருத்தி மெல்ல, "அப்போ நம்ம ஆளுங்க..." என்று ஆரம்பித்தாள்.

ராஜம் அவர்களைப் பார்த்தாள். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். அவளுக்கும் அந்த ஆசை வந்துவிட்டது, நான் பார்த்தேன். அதை அவள் விழுங்கியதையும் பார்த்தேன்.

"அதுக்கு நம்ம வீட்டு ஆம்பளைங்களத் தெரியாதுடி" என்றாள். "முனியம்மா, நீ பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டுக் கெளம்பு."

அடுத்து யானுக்குப் போனவர்கள் கையில் கடல் சாமந்தியையும் மீன்களையும் கொடுத்தனுப்பினாள். தொட்டித் தண்ணீரைக் காய்ச்சினாள். சாம்பல் நிறத்தில் உப்பு வந்தது. ஆண்களுக்கெல்லாம் சேர்த்து ஓடையோரம் கருமாதி நடந்தபோது, சோறு இல்லாததால் கிழங்குதான் படைத்தார்கள். அதற்கு அந்த உப்பு. மிச்சத்தை வீட்டுக்கு வீடு பங்கிட்டாள். காலியான கொயினா மருந்துப் புட்டியில் கொஞ்சம் எனக்கும் தந்தாள். அதற்குப் பிறகு அவள் அதிக நாள் இருக்கவில்லை. காய்ச்சலுக்குக் கொடுக்க அந்தப் புட்டியில் முன்பு இருந்தது யாரிடமும் இல்லை.

முனியம்மாவின் சின்னவனுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டதாம். வீரப்பன் சொன்னார். ராஜத்தை அறிந்தவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

புட்டி என் அடுப்படியில் இருக்கிறது. இந்த மழையில் உப்பு கசிந்து அடியில் நீராக நிற்கிறது. சமைக்கவும் மனம் வரவில்லை, கொட்டவும் வரவில்லை. அவள் எனக்கு விட்டுப்போனது அது மட்டுமல்ல. ஒருநாள் மாணிக்கம் குருண் ஸ்டேஷனில் இறங்கினால், யாரையும் காணாமல் என்னைத் தேடித்தான் வருவார். கடல் சாமந்தி எங்கே என்பார். நீங்கள் சொன்னபடியே யானில் விட்டுவிட்டாள் என்று சொல்லிவிடுவேன். அடுத்து அவர் ராஜம் எங்கே என்று கேட்பார். அதற்கான பதிலை ஒவ்வொரு நாளும் வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன். இன்னும் வரவில்லை.