பாட்டிலில் உப்பைக் கலந்தது யார்?

1. என் வாயால் வந்தது

"மேடம், இந்தப் பிள்ள பாட்டில்ல உப்பக் கலந்திருக்கா."

பிராக்டிகல் தேர்வு நடந்துகொண்டிருக்கும்போது, வெளியூரிலிருந்து வந்த தேர்வாளரிடம் நான் சொன்ன வார்த்தை இது. இதனால் ஒரு பிள்ளையின் படிப்பு போயிருக்கும். ஆய்வகப் பணிக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

தூத்துக்குடியில் ஒரு கல்லூரியின் உயிரியல் துறையில் இருபத்தாறு வருஷமாக லேப் அசிஸ்டெண்ட். பிள்ளைகள் முகத்துக்கு நேரே அண்ணாச்சி என்பார்கள், முதுகுக்குப் பின்னால் சி.ஐ.டி. என்பார்கள். எனக்குத் தெரியும். எவனையும் நம்பாததால்தான் என் லேபில் ஒரு ஸ்லைடுகூடக் காணாமல் போனதில்லை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தவன் நான்.

அன்று முதல் வருஷத்துக்கு ரியோ இலைச் சோதனை. இந்த இலையின் அடிப்பக்கம் ஊதாவாக இருக்கும். அந்தத் தோலை உரித்து, ஒரு துண்டை உப்புக் கரைசலிலும் இன்னொன்றை, மேசைதோறும் நான் பாட்டிலில் நிரப்பி வைக்கும் உப்பில்லாத டிஸ்டில்டு வாட்டரிலும் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். செல்லைச் சுற்றியுள்ள சவ்வு வழியாகத் தண்ணீர், உப்பு அதிகமாக உள்ள பக்கம் போகும். உப்புப் போட்ட மாங்காய்த் துண்டு தண்ணீர் விடுவதைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் வேண்டாம். உப்புக் கரைசலில் செல் தண்ணீரை இழந்து, ஊதா நிறம் நடுவில் சுருண்டுகொள்ளும். பிளாஸ்மாலிசிஸ் என்று பெயர். டிஸ்டில்டு வாட்டரில் ஊதா செல் முழுக்க நிறைந்து நிற்கும்.

எங்கள் லேபில் ஒரு பழக்கம் உண்டு. தேர்வு அன்று மேசை மேசையாகப் போய்ப் பிள்ளைகள் காதில் விடையைப் போட்டுவிடுவேன். பாவம், பயந்து கிடக்கும், நாலு மார்க் கிடைக்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான். அன்றும் "மொதல் ஸ்லைடு சுருங்கிருக்கு, ரெண்டாவது நெறஞ்சிருக்குன்னு எழுது" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். இருபத்துமூன்று பேர் தலையாட்டினார்கள்.

இருபத்துநாலாவது இசக்கி. ஏரலில் இருந்து பஸ்ஸில் வரும் பிள்ளை.

"ரெண்டுமே சுருங்கித்தான் இருக்கு அண்ணாச்சி."

"ஏளா, நான் சொல்லுதத எழுது."

"பாத்தத எழுதுதேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உதவி செய்ய வந்தவனிடம் வாய்க்கொழுப்பைப் பார் என்று முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்தேன்.

2. வெள்ளை

தேர்வாளர் மேடம் எல்லாருடைய தாளையும் புரட்டிவிட்டு, விடை மாறியிருந்த இசக்கியிடம் மட்டும் வந்து நின்றார். அவள் மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்தார்.

"ஒரே ஸ்லைடப் போட்டு ரெண்டுன்னு காட்டுதியா?"

"இல்ல மேடம். தண்ணியிலதான் என்னமோ இருக்கு."

"அப்போ மத்தவங்களுக்கெல்லாம் எப்படிச் சரியா வந்துது?"

இசக்கி என்னைப் பார்த்தாள். நான் விடை சொன்னதைப் போட்டுக் கொடுத்துவிடுவாளோ என்று எனக்குப் பக்கென்றது. முந்திக்கொண்டேன். அப்போது வந்ததுதான் அந்த வார்த்தை. கூடவே, "காலையிலேயே எங்கிட்ட மல்லுக்கு நின்னா மேடம், வேணும்னே கெடுத்திருப்பா" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

தேர்வுப் பொருளைக் கெடுத்ததாக ரிப்போர்ட் போனால் அந்த செமஸ்டரே ரத்து. இசக்கிக்கு அழுகை வந்துவிட்டது. "மேடம், ஒரு பேப்பர் போனாலும் எங்கப்பா படிப்ப நிப்பாட்டிருவாவ. சென்னையில பலசரக்குக் கடை மாப்பிள்ள பாத்து வச்சிருக்காவ. சத்தியமா நான் ஒண்ணும் கலக்கல" என்றாள்.

"அண்ணாச்சி, நிரூபிக்க முடியுமா?" என்று மேடம் கேட்டார்.

முடியாமல் என்ன! சில்வர் நைட்ரேட் பாட்டிலை எடுத்து வந்தேன். உப்பில் இருக்கிற குளோரைடைக் காட்டிக்கொடுக்கும் மருந்து அது. டிஸ்டில்டு வாட்டரில் விட்டால் தெளிவாகவே இருக்கும், உப்பு இருந்தால் தயிர் மாதிரி வெள்ளையாகத் திரியும். இசக்கியின் டிஸ்டில்டு வாட்டர் பாட்டிலில் இருந்து கொஞ்சம் டெஸ்ட் டியூபில் எடுத்து ஒரு சொட்டு விட்டேன். பொங்கி வந்தது வெள்ளை.

"பாத்தியளா மேடம்!" என்றேன்.

வித்தியாசத்தைக் காட்ட அடுத்த மேசைப் பாட்டிலையும் எடுத்தேன். அதுவும் வெள்ளை. இசக்கியோடு கூட்டுச் சேர்ந்த களவாணி இவன்தான் என்று அந்தப் பையனை முறைத்தேன். மூன்றாவது மேசையும் வெள்ளை. கடைசி பெஞ்சு வரை அதேதான். பாட்டில்களை நிரப்பிய கேன் இருந்த ஸ்டோர் ரூமுக்கு ஓடினேன்.

ஸ்டோரில் இரண்டு விதத் தண்ணீர் இருக்கும். ஒன்று டிஸ்டில்டு வாட்டர். இன்னொன்று, மீன் தொட்டிக்காகக் கடற்கரையில் இருந்து பிடித்து வரும் கடல் தண்ணீர். கேன்கள் எல்லாம் ஒரே மாதிரி. வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஆபீஸ்காரர்கள் டிஸ்டில்டு வாட்டரைக் களவாண்டுபோகிறார்கள் என்று சந்தேகப்பட்டு, லேபிள்களைக் கிழித்துப் போட்டவன் நான்தான். எது எது என்று எனக்கு மட்டுமே தெரியும். அதையும் எவனோ கண்டுபிடித்துவிட்டான் என்று தோன்றி, முந்தின நாள் சாயந்திரம் கேன்களை இடம் மாற்றி வைத்திருந்தேன். மாற்றியதைக் காலையில் மறந்துவிட்டேன்.

கேன் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டேன். வெள்ளை.

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றேன். வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. கேனைக் கவிழ்த்துவிட்டு, பாட்டிலையெல்லாம் அந்தப் பிள்ளைதான் கெடுத்தாள் என்று சொல்லிவிடலாம். பொய் சொல்ல மாட்டேன், ஒரு நிமிஷம் அப்படித்தான் நினைத்தேன். அவள் அழுகிற சத்தம் ஸ்டோர் வரை கேட்டது. கேனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

"நான் ஊத்துன தண்ணி மேடம். கடத்தண்ணி. பிள்ள மேல தப்பில்ல."

மேடம் மேசை மேசையாகப் போய் மிச்சமிருந்த ஸ்லைடுகளைப் பார்த்தார். எல்லாம் சுருண்டு கிடந்தன.

"இருபத்துமூணு பேர், சுருங்குனதப் பாத்துக்கிட்டே நெறஞ்சிருக்குன்னு எழுதியிருக்கீங்க. எப்படி?"

கடைசி பெஞ்சில் இருந்து ஒரு குரல்: "அண்ணாச்சிதான் மேடம் சொன்னாவ."

3. பிறகு

நல்ல தண்ணீர் ஊற்றி இருபத்துமூன்று பேரையும் மறுபடி செய்ய வைத்தார் மேடம். இசக்கிக்கு மட்டும் முதல் தாளே போதும் என்று முழு மார்க். எனக்கு மெமோ வந்தது. வாங்கிக்கொண்டேன். காதில் விடை சொல்லும் பழக்கம் அன்றோடு நின்றது.

இசக்கி பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது வாசலுக்குப் போய் நின்றேன்.

"ஏளா, அண்ணாச்சிய மன்னிச்சிரு."

"நீங்க சந்தேகப்பட்டதுகூடப் பரவால்ல அண்ணாச்சி" என்றாள். கண் இன்னும் சிவந்துதான் இருந்தது. "நான் சொன்ன ஒடனே என் மைக்ராஸ்கோப்ப ஒரு தடவ குனிஞ்சு பாத்திருக்கலாம்லா?"

ஏரல் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவள் போய்விட்டாள்.

தம்பி தங்கைகளே, பிள்ளை எழுதியது தப்பு என்று தோன்றினால், வாயைத் திறக்கும் முன் மைக்ராஸ்கோப் ஐபீஸில் கண்ணை வையுங்கள். அரை நிமிஷ வேலை. இருபத்தாறு வருஷத்தில் எத்தனை பிள்ளைகளைத் தப்பு என்று அதட்டி உட்கார வைத்திருக்கிறேனோ, அதில் எத்தனை பேர் சரியாகப் பார்த்தவர்களோ, எனக்குத் தெரியாது.