பக்கத்து வீட்டு ஜப்பான்காரம்மா

மயிலாப்பூரில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு ஜப்பான்காரம்மா இருந்தார். இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர். யார் எந்த ஊர் என்று கேட்டாலும் "மாடவீதி" என்பார். கணவர் இறந்த பிறகும் திரும்பிப் போகாமல் இந்தியக் குடியுரிமை கேட்டார். கிடைத்தது. உறுதிமொழி எடுக்க கலெக்டர் ஆபீசுக்கு நானும் துணைக்குப் போனேன். அன்றோடு அவருடைய ஜப்பான் குடியுரிமை போய்விடும்.

"இனிமே உங்க அம்மாவைப் பார்க்கவே விசா வாங்கணுமே?" என்று கேட்டேன்.

"ஆமா, போன்ல சொன்னேன். 'விருந்தாளியா வரப்போறியா? அப்ப நல்ல மெத்தையா எடுத்துப் போடறேன்'னாங்க அம்மா."

சிரித்தபடி சொன்னவர், பிறகு வெகுநேரம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பெயரைக் கூப்பிட்டதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். உறுதிமொழியை வாசித்த குரலில் நடுக்கமே இல்லை. அவரால் அது எப்படி முடிந்தது என்று எனக்கு இன்றும் புரியவில்லை.