நியோகி பாரியில் அடி வாங்கியவர்

அப்பளக்காரர் வேதாச்சலம் சினிமா ஷூட்டிங்கில், கேமரா ஓட ஓட, ஒரு ரௌடியைக் குழவிக் கல்லால் அடித்துக் கொன்றுவிட்டார் என்பது எழுபத்திரண்டில் கல்கத்தா லேக் மார்க்கெட் தமிழர் அத்தனை பேருக்கும் தெரியும். சிலர் ரத்தத்தையே பார்த்திருந்தார்கள். பெஹாலாவுக்கு ஒரு நடை போய் விசாரித்ததில், கொலையுண்டவர் வாசலில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். வேதாச்சலத்துக்குத்தான் இடது கண் திறக்கவில்லை.

நியோகி பாரி, அதாவது நியோகி வீடு, பெஹாலாவில் ஒரு பழைய ஜமீன் மாளிகை. பெரிய தூண்கள், துர்க்கை பூஜை மண்டபம், மூக்குடைந்த பளிங்குச் சிலைகள். கீழே ஒரு மூலையில் வேதாச்சலமும் மனைவி சுலோசனாவும் குடியிருந்தார்கள். அப்பளம் முற்றத்தில் காயும். சினிமாக்காரர்கள் ஒரு நாளைக்குத் தருவதை இவர் ஒரு வருஷத்துக்கும் தருவதில்லை என்று சொந்தக்காரர் நியோகி பாபுவுக்கு உறைத்தது. காலி பண்ண வைக்க முதலில் குழாயை அடைத்தார். பிறகு யாரோ சுலோசனாவின் அடுப்பை உதைத்து நொறுக்கினார்கள்; அவள் மறுநாளே வேறு அடுப்புப் போட்டாள். கடைசியில் ஷூட்டிங் நாளாகப் பார்த்து நொனி என்ற அடியாளை ஏவினார். கூச்சலோடு கூச்சலாகப் போய்விடும் என்ற நினைப்பு.

படமும் ஜமீன்தாரின் ஆட்கள் குடியானவனை வெளுக்கிற படம்தான். முற்றத்தில் துணை நடிகர்கள் பொய் ரத்தத்தில் உருண்டுகொண்டிருக்க, நொனி நேரே வந்து, அப்பளம் புரட்டிக்கொண்டிருந்த வேதாச்சலத்தின் முகத்தில் குத்தினான். மூக்கு உடைந்தது. மயிரைப் பற்றித் தூணில் மோதினான். விழுந்தவரை விலாவில் மிதித்தான்.

“ஐயோ, நான் சினிமா இல்லய்யா!” என்று அவர் தமிழில் அலறினார். யாருக்கும் புரியவில்லை.

சுலோசனா குழவியோடு ஓடிவந்து வீசினாள். நொனியின் கால் பெருவிரல் நசுங்கியது. ஊர் சொன்ன கொலை அந்த விரல்தான்.

நொனி நொண்டிக்கொண்டே இன்னும் நாலு மிதி மிதித்து ஓய்ந்த பிறகுதான் டைரக்டர் அவினாஷ் பாபு ‘கட்’ சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது. “இதுதான் கலை!” என்றார். குடியானவனாக நடித்தவரை அப்போதே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். இனி அந்த வேஷம் வேதாச்சலத்துக்கு.

“இந்த ஆள் நாளைக்குக் காலி பண்றான்” என்றார் நியோகி பாபு.

“காலியா?” என்று பாய்ந்தார் டைரக்டர். “கன்டினியூட்டி என்னாகிறது மொஷாய்? ஆள், அடுப்பு, அப்பளம் எல்லாம் படத்தில் விழுந்தாச்சு. படம் முடிகிற வரை துரும்பு நகரக் கூடாது. நகர்ந்தால் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுங்க.”

அட்வான்ஸ் மகள் கல்யாணத்தில் சாப்பாடாகிப் போயிருந்தது.

ஆனால் கன்டினியூட்டி முகத்துக்கும் உண்டே. அடுத்த ஷூட்டிங்கிற்குள் வீக்கம் வடிந்துவிட்டது. மேக்கப் போட்டால் கலை செத்துவிடும் என்றார் டைரக்டர். நொனியைச் சம்பளத்துக்கு வைத்தார்கள்.

“தாதா, அதே கண்ணா?” என்று நொனி மரியாதையாகக் கேட்பான். தாதா என்றால் அங்கே அண்ணன்தான்.

“அதே கண்ணுதான். குத்து.”

குத்துவான். ஒரு தடவை உதடு கிழிந்தது. இன்னொரு தடவை முன்பல் மண்டபப் படியில் தெறித்தது.

“ஊர்ல எல்லாரும் வாடகையைப் பணமா குடுக்கிறாங்க. நீங்க பல்லா குடுங்க” என்றாள் சுலோசனா, மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே.

“பல்லு போனா கஞ்சி குடிக்கலாம். வீடு போனா எங்கடி உக்காந்து குடிக்கிறது?”

கடைசிக் காட்சியில் குடியானவன் எழுந்து அடியாளை ஒரே அடியில் சாய்க்க வேண்டும். அதோடு படம் முடிந்துவிடும். யூனிட் வந்தது, விளக்குப் போட்டார்கள், நொனி தாடையை நீட்டினான். வேதாச்சலம் கையை ஓங்கினார். அவருக்குப் பின்னால் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கை நொனியின் காதோரம் காற்றை அடித்துவிட்டுத் திரும்பியது. மறுபடி எடுத்தார்கள், மறுபடியும் காற்றுக்குத்தான் அடி. ஃபிலிம் தீர்ந்தது. டைரக்டர் தலையிலடித்துக்கொண்டு போனார். பணம் புரட்டிக்கொண்டு எப்போது வந்தாலும் இதே கதை.

எண்பதாம் வருஷம் பிறந்துவிட்டது. நொனிக்குத் தலை நரைத்துவிட்டது.

“அந்த ஒரு அடியைக் குடுத்துடுங்க தாதா. எத்தனை அடிச்சிருக்கேன், தூக்கம் வரலை.”

“இருக்கட்டும்டா” என்பார் வேதாச்சலம், அப்பளத்தைப் புரட்டியபடி. “உன் தாடை எங்கே ஓடிடப் போகுது?”